அட்டை அட்டையாக ஒரு சந்தை: ஆரல்வாய்மொழிப் பக்கத்து நான்கு முட்டைப் பண்ணைகளின் ஏற்றுமதித் தேடல்

2024 டிசம்பர் இரண்டாம் வாரம் நாமக்கல்லிலிருந்து ஒரு போன் வந்தது. "இந்த வாரம் பெட்டி வேண்டாம் தம்பி. அடுத்த வாரமும் உறுதியில்லை. ஓமன்ல புது பெர்மிட் நிறுத்திட்டாங்க. கத்தார்ல எடைக் கணக்கு மாறிப்போச்சு." பேசியவர் ஒரு ஏற்றுமதியாளர். இரண்டு ஆண்டுகளாகத் தன் கன்டெய்னரில் குறைகிற பெட்டிகளை எங்களிடம் வாங்கி வளைகுடாவுக்கு அனுப்பி வந்தவர். அவர் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவருடைய சொந்தச் சரக்கே அப்போது நகரவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இருக்கும் நான்கு முட்டைக்கோழிப் பண்ணைகள் சேர்ந்து விற்பனை செய்கிறோம். அவற்றில் ஒன்று என் மாமாவுடையது. கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. அந்த போனுக்குப் பிறகு ஓராண்டில் என்ன செய்தோம், எதில் தவறினோம், எது நின்றது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். முட்டைக்கு வெளிநாட்டுச் சந்தை பிடிப்பது எப்படி என்ற கேள்வியோடு மாவட்டத்தில் பலர் வந்து பேசுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதில் பாதி விட்டுப்போகிறது.

இடமும் விலையும்

கன்னியாகுமரி மாவட்டத்தைக் கோழி மாவட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரப்பரும் தென்னையும் வாழையும்தான் இங்கே பேச்சு. கல்குளம், விளவங்கோடு பக்கம் இருக்கும் கோழிக் கொட்டகைகளில் பெரும்பாலானவை கறிக்கோழி ஒப்பந்த வளர்ப்பு. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை, வளர்ப்பவருக்குக் கூலி. கோழியே தன்னுடையது இல்லாதபோது அதை எங்கே விற்பது என்ற முடிவும் அவர் கையில் இல்லை. கறிக்கோழி ஏற்றுமதிக்கு ஹலால் சான்றுள்ள வெட்டுக்கூடமும் உறைநிலைத் தொடரும் வேண்டும். அதனால் அந்தப் பக்கத்தை நாங்கள் தொடவில்லை, இந்த ஆய்விலும் அது இல்லை.

முட்டைக்கோழிக்கு மேற்குப் பக்கத்து ஈரக்காற்று ஒத்துவராது. இரண்டு பருவமழையும் அடிக்கிற இடத்தில் எரு காயாது, ஈ பெருகும், முட்டை ஓடு அழுக்காகும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் கதை வேறு. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று எங்கள் கொட்டகைகளையும் உலர்த்துகிறது. நான்கு பண்ணையிலும் சேர்த்து 40,000 கோழி. நாளொன்றுக்கு 34,000 முட்டை அளவில் கிடைக்கும்.

எங்கள் விலையை நாமக்கல்தான் எழுதுகிறது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலையோடு லாரி வாடகையைச் சேர்த்தால் நாகர்கோவில் விலை. 400 கிலோமீட்டருக்கு மேல் வருகிற லாரி என்பதால் அந்த வாடகை எங்களுக்கு ஒரு வேலி மாதிரி. ஆனால் நாமக்கல்லில் ஏற்றுமதி நின்றுவிட்டால் அங்கே தேங்குகிற முட்டை 'மைனஸ்' விலையில், அதாவது அறிவித்த விலைக்குக் கீழே, நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இறங்குகிறது. வேலி சாய்ந்துவிடும். வெளிநாட்டுக்கு ஒரு முட்டைகூட அனுப்பாத பண்ணைக்காரரும் மஸ்கட்டில் நடப்பதற்கு விலை கொடுக்கிறார். இது புரியாமல் "ஏற்றுமதி பெரிய பண்ணைக்காரங்க சமாச்சாரம்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

டிசம்பரில் அடி பெரிதாக விழவில்லை. இங்கே கிறிஸ்துமஸ் மாதம். மார்த்தாண்டம், நாகர்கோவில் பேக்கரிகள் கேக்குக்காக வாங்கிக்கொண்டே இருக்கும். பயம் மார்ச்சைப் பற்றித்தான். 2025-இல் தவக்காலம் மார்ச் 5-ஆம் தேதி சாம்பல் புதனோடு தொடங்கியது. மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி கிறிஸ்தவர்களாக உள்ள மாவட்டத்தில் அந்த 40 நாள் முட்டைக் கடைக்குத் தெரியாமல் போகாது. வெளிச்சந்தை இருந்தால் தாங்கலாம். அதுதான் இல்லையே.

பஞ்சச் சந்தை

சந்தை தேடத் தொடங்கியபோது முதலில் பழைய கணக்கை விரித்து வைத்தேன். 2022 கடைசியில் கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தது, நாமக்கல் முட்டை ஏராளமாகப் போனது. அதே சமயத்தில் மலேசியாவில் முட்டைத் தட்டுப்பாடு, முதன்முறையாக அங்கேயும் போனது. 2023-இல் பொருளாதார நெருக்கடியிலிருந்த இலங்கை, தன் அரசு வணிகக் கழகத்தின் வழியாக, முதலில் பேக்கரிகளுக்கென்று நம் முட்டையை வரவழைத்தது. ஒவ்வொரு முறையும் 'புதிய சந்தை திறந்தது' என்று செய்தி வந்தது. கூட்டிப் பார்த்தால் எல்லாமே தட்டுப்பாட்டால் திறந்த கதவு. அவர்கள் கோழி தேறியதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வளைகுடாவும் மெல்ல அந்தப் பக்கம் நகர்கிறது. 2017-இல் அண்டை நாடுகள் முற்றுகையிட்ட பிறகு கத்தார் பாலையும் கோழியையும் தன் மண்ணிலேயே பெருக்கத் தொடங்கியது. சவுதி அரேபியா முட்டையில் தன்னிறைவு கண்ட நாடு. ஓமனிலோ 2024 ஜூனிலேயே ஒரு முறை சிக்கல் வந்து, தூதரகம் தலையிட்டு, சோஹார் துறைமுகத்தில் சரக்கு இறங்கியது. டிசம்பரில் மறுபடி நின்றபோது நாமக்கல்லைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் கே.ஆர்.என். ராஜேஷ்குமார் அவையில் இதை எழுப்பினார். குறைந்தது 15 கோடி ரூபாய் முட்டை வழியில் சிக்கி நிற்கிறது என்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓமனும் கத்தாரும் வரியை உயர்த்தி நம்மை நிறுத்தவில்லை. பெர்மிட், எடை வரம்பு, கால்நடைச் சுகாதாரச் சான்று ஆகியவற்றில்தான் நிறுத்தின. 2025 டிசம்பரில் இந்தியாவும் ஓமனும் மஸ்கட்டில் விரிவான பொருளாதார ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நல்ல செய்திதான். ஆனால் சுங்கம் குறைந்தாலும் பெர்மிட் தாள் கையில் இல்லாத முட்டை கப்பலிலிருந்து இறங்காது.

அப்போது என் நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்று பஞ்சச் சந்தை, மற்றொன்று நிலைச் சந்தை. தற்காலிகமாக முட்டை இல்லாத நாடு முதல் பத்தி. என்றைக்குமே தனக்குப் போதுமான முட்டையை உற்பத்தி செய்ய இடமில்லாத நாடு இரண்டாம் பத்தி. இரண்டாம் பத்தியில் எழுத அதிகப் பெயர் கிடைக்கவில்லை.

60 கிராம்

எடை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். நான் பேசிய வெளிநாட்டு வாங்குவோரில் பாதிப்பேரிடம் எங்கள் பேச்சு உடைந்தது இதில்தான்.

அக்மார்க் தரப்படி 60 கிராமும் அதற்கு மேலும் மிகப்பெரியது, 53 முதல் 59 பெரியது, 45 முதல் 52 நடுத்தரம், 38 முதல் 44 சிறியது. நாம் வளர்க்கும் வெள்ளை லேகார்ன் வழி வந்த கோழி, சராசரியாக 50 முதல் 55 கிராம் முட்டையிடும். அது சிறிய உடம்புக் கோழி, குறைந்த தீவனத்தில் நிறைய முட்டை தருவதற்காகவே தேர்ந்தெடுத்த இனம். செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனம் என்பதால் நமக்கு அதுதான் கட்டும். வெளியே பல நாடுகளில் பெரிய முட்டையே வழக்கம்; எங்களிடம் கேட்டதும் 60 கிராம்தான்.

கோழிக்கு வயது ஏற ஏற முட்டை பெரிதாகும் என்பது உண்மை. 18, 20 வாரத்தில் முட்டைக்கு வரும் இளங்கோழி 'புல்லட்' என்கிற சிறிய முட்டை போடும். 70 வாரம் தாண்டினால் எடை கூடும். ஆனால் முட்டை பெரிதாகும் வேகத்தில் ஓட்டுக்குச் சுண்ணாம்பு கூடுவதில்லை, ஓடு மெலிந்துவிடும். எடைப் பட்டியலை வாசித்துக் காட்டியபோது என் மாமா சொன்னார்: "மக்ளே, 60 கிராம் வேணும்னா கெழட்டுக் கோழி வேணும். கெழட்டுக் கோழி முட்டை லாரியில தோவாளை தாண்டாது, கப்பல்ல எப்படி நிக்கும்?"

தீவனத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம், எண்ணெய் எல்லாம் கூட்டிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒரு கொட்டகையில் முயன்றோம். எடை ஓரளவு ஏறியது, தீவனச் செலவு அதைவிட ஏறியது. ஆறு வாரத்தில் நிறுத்தினோம். எடை கேட்கிற சந்தைக்கு நம் கோழி பொருந்தாது. எண்ணிக்கையில் விற்கிற சந்தையைத்தான் தேட வேண்டும் என்பது அங்கே தெளிவானது.

1,300 பெட்டி

இரண்டாவது தடை கன்டெய்னர். ஓர் அட்டையில் 30 முட்டை, ஒரு பெட்டியில் 12 அட்டை, ஆக 360. நாற்பதடி ரீஃபர் (குளிரூட்டிய) கன்டெய்னரில் ஏறக்குறைய 1,300 பெட்டி, அதாவது சுமார் 4.7 லட்சம் முட்டை ஏறும். எங்கள் நான்கு பண்ணையும் ஒரு முட்டைகூட உள்ளூரில் விற்காமல் சேர்த்தாலும் 14 நாள் ஆகும். பாதியையாவது உள்ளூர் வாடிக்கைக்குக் கொடுத்தாக வேண்டும் என்றால் 28 நாள். முதல் நாள் முட்டை கப்பல் ஏறும்போதே கிழடாகிவிடும். நாமக்கல்லில் ஒரே பெரிய பண்ணை ஓரிரு நாளில் நிரப்பும் கன்டெய்னர் இது.

விமானத்தையும் பார்த்தோம். திருவனந்தபுரம் விமான நிலையம் நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள். அங்கிருந்து வளைகுடாவுக்குக் காய்கறி நிறையப் போகிறது. ஆனால் பெட்டி எடையையும் சேர்த்தால் கிலோவுக்கு 16 முட்டைதான். கிலோவுக்கு 50 ரூபாய் வாடகை என்று வைத்தாலே முட்டைக்கு 3 ரூபாய்க்கு மேல் ஏறிவிடுகிறது. காடை முட்டை, நாட்டுக்கோழி முட்டை மாதிரி விலை கூடிய சரக்குக்கு அது சரிப்படலாம். எங்களுக்கு இல்லை.

கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்த அந்தத் துறைமுகம் களியக்காவிளை எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அது முதலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு மாற்றும் துறைமுகமாகவே அமைந்தது. நம்மூர் லாரி நேராகப் போய் ரீஃபர் ஏற்றும் நாள் வந்தால் இந்தப் பக்கத்தை நான் திருத்தி எழுதுவேன், மகிழ்ச்சியோடு.

மாலே

நோட்டின் இரண்டாம் பத்தியில் இருந்த பெயர் மாலத்தீவு. பவழத் திட்டில் மக்காச்சோளமும் விளையாது, சோயாவும் விளையாது. சுமார் 5 லட்சம் மக்கள், ஆண்டுக்கு 20 லட்சம் சுற்றுலாப் பயணிகள். முட்டை கப்பலில்தான் வர வேண்டும். 1981 வணிக உடன்பாட்டின்கீழ் அரிசி, உருளைக்கிழங்கு, வெங்காயத்தோடு முட்டையையும் இந்தியா ஆண்டுதோறும் அளவு குறித்து அனுமதிக்கிறது. 2024-25-க்கு அந்த அளவு 42.75 கோடி முட்டை. இதில் என்னைத் தொட்டது அறிவிப்பு வந்த நேரம். 2024 தொடக்கத்தில் இரண்டு நாட்டுக்கும் நடுவே பேச்சு எவ்வளவு கசந்திருந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கசப்பின் நடுவில்தான், ஏப்ரலில், உடன்பாடு வந்த நாளிலிருந்து இல்லாத உயர்ந்த அளவுக்கு அனுமதி தரப்பட்டது. அரசியல் மனத்தாங்கலையும் தாண்டி நிற்கிற தேவைதான் நிலைச் சந்தை.

அப்புறம் தூரம். ஆரல்வாய்மொழியிலிருந்து தூத்துக்குடி மூன்று மணி நேரம்கூட இல்லை, நாமக்கல் லாரிக்கு அதைப்போல இரண்டு பங்குக்கும் மேல். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்குக் காய்கறி, கட்டுமானப் பொருள் ஏற்றிப் போகும் தோணிகள் தலைமுறைகளாக ஓடுகின்றன. தோணிக்காரர் 1,300 பெட்டி கேட்பதில்லை. 100 பெட்டி என்றாலும் இடம் கொடுப்பார். எங்கள் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

வாங்குபவர் கிடைத்தது உறவு வழியில்தான். எங்கள் பங்காளி ஒருவரின் மைத்துனர் மாலேயில் ஒரு ஹோட்டலில் சமையல் பொறுப்பில் இருக்கிறார். "மச்சான், இங்க டீக்கடையில முட்டையைத் தராசுல வைக்க மாட்டாவ, எண்ணித்தான் வாங்குவாவ. சின்னதா இருந்தா இன்னும் சௌகரியம்" என்றார். அவர் அறிமுகப்படுத்திய மொத்த வியாபாரியோடு ஜனவரியில் பேச்சு முடிந்தது. 2025 ரமலான் மார்ச் தொடக்கத்தில். இங்கே தவக்காலத்தில் தேவை இறங்குகிற அதே வாரம் அங்கே நோன்புக் காலத்துப் பலகாரத்துக்குத் தேவை ஏறுகிறது. இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண், அபெடா (மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) பதிவு, ஆய்வகத்தில் சால்மொனெல்லா கிருமி, நுண்ணுயிர்க்கொல்லி எச்சம் ஆகிய சோதனைகள், கால்நடைச் சுகாதாரச் சான்று. எச்சம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: 2019 ஜூலையிலேயே உணவுக்கான விலங்குகளுக்கு கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்க நம் அரசு தடை விதித்துவிட்டது. ஆனாலும் 'வளர்ச்சிக்கு' என்று ஏதாவது பொட்டலம் வாங்கிப் போடுகிற பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எங்கள் நால்வரில் ஒருவர் கொட்டகையிலும் அப்படி ஒன்று இருந்தது. ஏற்றுமதிப் பேச்சு தொடங்கிய அன்றே அதை எடுத்தோம். அவர் முட்டையை ஒரு மாதம் பெட்டியில் சேர்க்கவில்லை.

வியர்த்த முட்டை

பிப்ரவரி கடைசி வாரம் முதல் சரக்கு, 100 பெட்டி, 36,000 முட்டை. நல்லது செய்வதாக நினைத்து நான் ஒரு தவறு செய்தேன். முட்டை வாடக்கூடாது என்று இரண்டு நாள் குளிர் அறையில் வைத்து, அதிகாலையில் சாதாரணத் தார்ப்பாய் லாரியில் ஏற்றினேன். தூத்துக்குடி கடற்காற்று பட்டதும் ஓடெல்லாம் வியர்த்துவிட்டது. குளிர்ந்த செம்பில் நீர்த்துளி படிவதைப் போலத்தான். அந்த ஈரம் ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலத்தைக் கெடுக்கும், துளைகள் வழியே கிருமியை உள்ளே இழுக்கும், நனைந்த அட்டையில் பூஞ்சை பிடிக்கும். மாலேயில் இறங்கியபோது 11 பெட்டி கறுத்துப் போயிருந்தது.

குளிர்த்தொடர் என்றால் கடைசிவரை குளிர். இல்லையென்றால் தொடக்கத்திலிருந்தே நிழலும் காற்றும். நடுவில் மாற்றுவதுதான் கேடு. இரண்டாவது சரக்கை குளிர் அறைக்கே கொண்டுபோகவில்லை. அன்றைக்கும் முந்தின நாளும் இட்ட முட்டையை மட்டும் சேர்த்து, மாலை வெயில் தாழ்ந்து ஏற்றி, இரவோடு இரவாகத் தோணித்துறைக்குக் கொண்டு சேர்த்தோம். ஒரு பெட்டியும் கெடவில்லை.

11 பெட்டிக்கும் பணம் கேட்கவில்லை. வியாபாரி கேட்காமலே அதைக் கழித்து அனுப்பினேன். அவர் இரண்டாவது ஆர்டரை 100-இலிருந்து 160 பெட்டியாக்கினார். அந்த நட்டத்தை நான் சந்தைச் செலவில்தான் எழுதியிருக்கிறேன்.

பணம் வருவதிலும் ஒரு கவலை இருந்தது. 2024-இல் மாலத்தீவில் டாலர் கடும் தட்டுப்பாடு. அக்டோபரில் நம் ரிசர்வ் வங்கி அவர்களுக்கு 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் கொண்ட நாணயப் பரிமாற்ற வசதி தந்தது. நவம்பரில் இரு மத்திய வங்கிகளும் சொந்த நாணயங்களிலேயே வணிகம் செய்ய ஒப்புக்கொண்டன. அதை நம்பி ரூபாயில் விலை பேசினோம். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி கப்பல் ஆவணத்தைக் காட்டியதும். மேலே, வாங்குபவர் பணம் தராமல் போனால் ஈடு தரும் இ.சி.ஜி.சி. (ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம்) காப்பும் எடுத்தோம். பிரீமியம் வீண் என்று ஒரு பங்காளி வாதாடினார். வாங்குபவர் ஒருவரே என்கிற வரை அதை விடக்கூடாது என்பது என் கருத்து.

அமெரிக்கா பக்கம் திரும்பாத கதை

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் தோணி நின்றுவிடும். மே முடிந்தால் செப்டம்பர் வரை எங்கள் வழி அடைப்பு. சரியாக அந்த நேரத்தில், 2025 ஜூனில், நாமக்கல்லிலிருந்து அமெரிக்காவுக்கு 21 கன்டெய்னரில் ஒரு கோடி முட்டை போனதாகச் செய்தி. பறவைக் காய்ச்சலால் அங்கே மார்ச்சில் ஒரு டஜன் முட்டை சராசரி 6.23 டாலர் வரை போயிருந்தது. எங்கள் நால்வரில் இருவர், தரம்பிரிக்கும் இயந்திரம் வாங்கி நாமக்கல்காரரோடு சேரலாம் என்றார்கள். கடன் தரவும் ஆள் இருந்தது.

அமெரிக்காவில் முட்டைக்கு வழக்கமான சுங்கம் டஜனுக்கு 2.8 சென்ட்தான், அதனால் வரி எனக்குக் கவலையாகப் படவில்லை. என்னைத் தடுத்தது விலைப்பட்டியல். ஜூனிலேயே அங்கே டஜன் விலை 4 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. கோழி தேறுகிறது, கதவு சாத்தப்போகிறது என்று பொருள். வேண்டாம் என்றேன். பெரிய வாக்குவாதம் நடந்தது. ஆகஸ்ட் 7-இல் இந்தியப் பொருளுக்கு 25 சதவீதம், 27-இல் மொத்தம் 50 சதவீதம் என்று வரி வந்தது. வரியை நான் முன்கூட்டிக் கணித்தேன் என்று யாராவது சொன்னால் அது தவறு. வரி வராமல் இருந்திருந்தாலும் அந்தச் சந்தை எங்களுக்கு ஒரு கிறிஸ்துமஸ்கூடத் தாங்கியிருக்காது.

அந்த நான்கு மாத அடைப்பில் உள்ளூர்தான் கைகொடுத்தது. மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகு மீன்பிடித் தடை. மீன் இல்லாத சட்டிக்கு முட்டை வரும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் இரண்டு மொத்தக் கடைகளைப் புதிதாகப் பிடித்தோம்.

ஒரு பயம் மட்டும் குறையவில்லை. 2024 ஏப்ரலில் ஆலப்புழையில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தபோது களியக்காவிளையில் வண்டிகளுக்கு மருந்து தெளித்ததை எல்லோரும் பார்த்தோம். 2023-இல் தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலங்களில் 26 கோழிப்பண்ணைத் தொகுதிகளை நோயற்றவை என்று இந்தியா அறிவித்ததை உலக விலங்கு சுகாதார அமைப்பு ஏற்றது. அப்படிப்பட்ட தனித்த தொகுதிக்கு எங்கள் திறந்த கொட்டகை எட்டாது. எங்களால் முடிந்தது வாசலில் கிருமிநாசினித் தொட்டி, வெளி வண்டியை உள்ளே விடாமை, திரும்பி வந்த அட்டையை மறுபடி எடுக்காமை. கடைசியாகச் சொன்னதில் அட்டைச் செலவு கூடியது. அதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது

செப்டம்பரில் தோணி மறுபடி ஓடத் தொடங்கியதும் மாதம் இரண்டு சரக்கு போகிறது. மொத்த முட்டையில் கால் பங்குக்குக் கீழேதான் மாலேவுக்கு. வியாபாரி கூடக் கேட்டார், கொடுக்கவில்லை. நாகர்கோவில் பேக்கரிகளும் கடற்கரைக் கடைகளும் எங்களை விட்டுப் போகாத அளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம். நாமக்கல் ஏற்றுமதியாளரோடும் தொடர்பு அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் முதல் வாரம் 6,000 குஞ்சு இறக்கினோம். 20 வாரம் கழித்து, ஜனவரி கடைசியில், அவை முட்டைக்கு வரும். 2026-இல் சாம்பல் புதனும் ரமலான் தொடக்கமும் பிப்ரவரி 18-ஐ ஒட்டி ஒன்றாக வருகின்றன. நாகர்கோவிலில் யாரும் கேட்காத புல்லட் முட்டை, மாலே டீக்கடைக்குச் சரியான அளவு. 200 பெட்டிக்கு முன்பணம் வந்துவிட்டது. குஞ்சுக் கொட்டகையில் இரவு விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது என்று மாமாவும் நானும் இன்னும் பேசி முடிக்கவில்லை.